துரை வீட்டுக் கோட்டையை என்ன செய்வது?

குன்னூர் வீட்டை விற்பதற்கு முன் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், சணல் சாக்கு சுற்றி, சுவரோடு ஒட்டிக் கிடந்தது அது. முதலில் பார்த்தவர் அண்ணன். "டேய், துரை வீட்டுக் கோட்டைடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் 68 வயது தெரியவில்லை.

அப்பா எஸ்டேட் ஆபீசில் கிளார்க். 1967-ல் துரை குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பியபோது, கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று ஒதுக்கியதையெல்லாம் ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு கிராமபோன், ஒருவருக்குப் பிரம்பு நாற்காலி, வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிற எங்கள் அப்பாவுக்கு விளையாட ஒரு மரக்கோட்டையும் கோட்டைக்குள் ஒரு பொம்மைப் படையும். அப்போது எனக்கு 6 வயது. நாங்கள் இருந்தது வெலிங்டன் பக்கம் என்பதால் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பரேடு நடப்பதை அடிக்கடி பார்ப்போம். அதனால் சிவப்புக் கோட்டும் கரடிமுடித் தொப்பியும் போட்ட அந்த லண்டன் அரண்மனைக் காவலர்களுக்கு எங்கள் வீட்டில் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றுதான் பெயர். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திக்கொண்டே அவர்களைத் தூக்குப்பாலத்தில் ஏற்றுவோம். எதிரிப்படை கிடையாது. பல்லாங்குழிச் சோழிகள்தான் எதிரி.

சரி, இப்போதைய பிரச்சினை இதுதான்: இதை என்ன செய்வது? விற்றுப் பணத்தை மூன்றாகப் பிரிப்போம் என்பது அண்ணன் கட்சி. பெயின்ட் அடித்துப் புதுசாக்கி ஹாலில் வைக்கலாம் என்பது அக்கா. என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 5 வயது, அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அத்திம்பேர் மியூசியம் என்றார். ஒரு மாதம் இதைப் பற்றிப் படித்தும் விசாரித்தும் ஒவ்வொரு வழியாகத் தட்டிப் பார்த்தேன். இதே மாதிரி பரணில் கிடைத்ததை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கோட்டை மரமும் பிளைவுட்டும். நான்கு கோபுரம், பல் பல்லாக வெட்டிய மதில், சுவரில் பச்சைக் கொடி படர்ந்த மாதிரி ஒரு சித்திரம், நடுவில் கயிறு கட்டி இழுக்கிற தூக்குப்பாலம். அடிப்பாகம்தான் விசேஷம். அது ஒரு பெட்டி. விளையாடும்போது கவிழ்த்துப் போட்டால் கோட்டை நிற்கிற குன்று, விளையாடி முடிந்ததும் நிமிர்த்தினால் கோபுரமும் மதிலும் சிப்பாய்களும் உள்ளே அடங்கிவிடும். கீழே ஒட்டிய லேபிளில் 'மேட் இன் இங்கிலாந்து' மட்டும் மிச்சம் இருக்கிறது, செய்தவர் பெயர் கிழிந்துவிட்டது.

சிப்பாய்கள் 32 பேர். 23 பேர் ஈயம், 9 பேர் பிளாஸ்டிக். ஈயக்காரர்களைத் திருப்பினால் அடியில் 'பிரிட்டன்ஸ்' என்று அச்சு. இந்த லண்டன் கம்பெனியில்தான் வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893-ல் உள்ளே பொள்ளலாகப் பொம்மை வார்க்கிற முறையைக் கண்டுபிடித்தார். உருக்கிய ஈயத்தோடு கொஞ்சம் தகரமும் ஆன்டிமனியும் சேர்த்து அச்சில் ஊற்றுவது, அச்சை ஒட்டிய பக்கம் தோல் மாதிரி உறைந்ததும் நடுவில் இருக்கிற குழம்பைத் திரும்ப வெளியே கவிழ்த்துவிடுவது. ஈயம் மிச்சம், எடை குறைவு, விலை குறைவு. அதுவரை முழு உலோகப் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்த ஜெர்மன்காரர்களுக்கு இது பெரிய அடி. உயரம் 54 மில்லிமீட்டர், பொம்மைச் சிப்பாய் உலகத்தில் இன்றைக்கும் அந்த அளவுக்கு ஒரு மரியாதை உண்டு. ஈயம் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற கவலை வலுத்து, 1966-ல் பிரிட்டன்ஸ் ஈயச் சிப்பாய்களை நிறுத்திவிட்டு முழுக்க பிளாஸ்டிக்குக்குப் போனது. எங்கள் கைக்கு வந்தது அதற்கு அடுத்த வருஷம். அங்கே கடையை விட்டு இறங்கியது இங்கே எங்கள் வாசலில் ஏறியது.

அந்தக் கம்பெனி பட்டியலில் மெட்ராஸ் காலாட்படைக்கே ஒரு பெட்டி இருந்ததாம். இப்போதுதான் தெரியும். துரை வீட்டில் அதை வாங்கவில்லை.

இப்போது வழிகளுக்கு வருவோம். பேரனுக்குக் கொடுப்பது என்ற என் யோசனைதான் முதலில் அடிபட்டது, இரண்டு நிமிஷத்தில். சிப்பாயை எடுத்தவுடனே அவன் செய்த முதல் காரியம், துப்பாக்கி முனையை வாயில் வைத்ததுதான். ஒரே வீச்சில் பிடுங்கினேன், அவன் அழ, மகள் என்னை முறைக்க, ஆயிற்று. ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே ஈயம் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சியில்தான் கை வைக்கும்.

இதைச் சொன்னதும் அக்கா, "நாம ஈயச் சொம்புல ரசம் வெச்சுத்தானே வளர்ந்தோம், நமக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, நிறைய பேர் கேட்பதும்கூட. ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம், அதாவது தகரம். பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் அதுதான். சிப்பாய்கள் காரீயம். இரண்டுக்கும் தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் புழங்குவதால் வருகிற குழப்பம் இது. இரண்டும் வேறு வேறு உலோகம். ரசச் சொம்பை நம்பி சிப்பாயை வாயில் வைக்கக் கூடாது.

நாங்கள் மூவரும் அந்த வயதில் என்னென்ன வாயில் வைத்தோம் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அதை இப்போது ஒன்றும் செய்ய முடியாது.

சரி, சிப்பாய் வேண்டாம், வெறும் மரம்தானே, கோட்டையை மட்டும் கொடுப்போம் என்று அடுத்து நினைத்தேன். அதுவும் இல்லை. அந்தக் காலத்து எனாமல் பெயின்ட்டிலும் காரீயம் உண்டு. நம் நாட்டிலேயே வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 10 லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். மகள் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி வந்தாள், பஞ்சு முனையைப் பெயின்ட்டில் தேய்த்தால் ஈயம் இருந்தால் சிவக்கும். பச்சைக் கொடி வரைந்த இடத்தில் தேய்த்தோம். பஞ்சு ரோஜாப்பூ நிறத்துக்கு வந்தது. இந்தக் கிட்டுகளை நூற்றுக்கு நூறு நம்ப முடியாது, லேபில் பார்த்தால்தான் உறுதி. ஆனால் ஐந்து வயசுப் பையன் விஷயத்தில் எனக்கு இந்தச் சிவப்பே போதும்.

இதே காரணத்தால் அக்காவின் பெயின்ட் அடிக்கிற யோசனையும் படுத்துவிட்டது. புதுப் பெயின்ட் அடிக்க வேண்டுமானால் பழையதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் அந்த ஈயத் தூசு வீடு முழுக்கப் பறக்கும். தேய்ப்பவருக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. சிப்பாய்களைப் பொறுத்தவரை இன்னொரு சங்கதி: சேகரிப்பவர்கள் பார்ப்பதே அந்தக் காலத்து ஒரிஜினல் பெயின்ட்டைத்தான். கோட்டில் பாதி உதிர்ந்து ஈயம் தெரிந்தாலும் பழைய பெயின்ட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு, பளபளவென்று புதுசாக அடித்ததற்கு அது கிடையாது. திருப்பி எடுக்கவும் முடியாது. ஆக, பெயின்ட் அடிப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள் என்பேன். மற்ற எதைச் செய்தாலும் பிறகு மனசு மாற இடம் இருக்கிறது, இதில் இல்லை.

அக்கா அதற்குள் இன்னொன்று செய்யப் பார்த்தாள். சில சிப்பாய்களின் காலில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. வெண்கலப் பாத்திரத்துக்குப் போடுகிற மாதிரி கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று புளியை ஊறவைத்தே விட்டாள். நல்ல வேளை, தடுத்தேன். அந்த வெள்ளை அழுக்கு இல்லை. அது ஈயமே அரித்துப் பொடியானது. புளிப்பு பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும்.

இந்த வெள்ளைப் பூப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முடிவு திரும்பியதே இங்கேதான். ஒரு காவலனைக் கையில் எடுத்தேன். முகம் அப்படியே இருக்கிறது, கன்னத்தில் வைத்த சிவப்புப் பொட்டுகூட. தோளில் துப்பாக்கி. இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே சாம்பல் கலந்த வெள்ளை, விரல் பட்டதும் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து, கால் கையோடு வந்துவிட்டது. ஈயத்தோடு அசிட்டிக் அமில ஆவி, அதாவது வினிகரில் இருக்கிற அதே புளிப்பு, கொஞ்சம் ஈரப்பதமும் சேர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்ல வெள்ளைக் கார்பனேட்டாக மாறும். அந்தக் காலத்தில் ஓவியர்களுக்கு வெள்ளை வண்ணமே இப்படித்தான் செய்தார்கள், ஈயத் தகடுகளை வினிகர் ஆவியில் மாதக்கணக்கில் போட்டுவைத்து. பரணில் வினிகர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மரத்திலிருந்து. மரம், பிளைவுட், அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் எல்லாமே மெதுவாக இந்த ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். ஓக் மரம் இதில் ரொம்ப மோசம். காற்றுப் புகாத மூடிய பெட்டி என்றால் ஆவி வெளியே போக வழியே இல்லை. குன்னூர் மூடுபனியின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம்.

அதாவது, சிப்பாய்களை அரித்தது கோட்டை. 40 வருஷத்துக்கு மேலாக அவர்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாங்கள் நினைத்த அதே மரப்பெட்டி. 23 பேரில் 6 பேர் இப்படிப் போய்விட்டார்கள். கோட்டைக்கு வெளியே, அம்மாவின் பழைய பவுடர் டப்பாவில் தனியாகக் கிடந்த பேண்டு வாத்தியக்காரர்கள் 4 பேருக்கு ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. அதுவரை கோட்டையையும் படையையும் ஒரே சாமானாக நினைத்து ஒரே முடிவைத் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டையும் பிரித்தாக வேண்டும், எது வேண்டுமானாலும் அதற்குப் பிறகு.

பிரித்துப் பார்த்தால் விற்பனைக் கணக்கும் வேறு மாதிரி ஆகிறது. அண்ணன் மனசில் இருந்தது லட்சம். வெளிநாட்டில் பொம்மைகளை மட்டுமே ஏலம் விடுகிற கம்பெனிகள் இருக்கின்றன, அப்படி ஒன்றுக்கு போட்டோ அனுப்பினேன். மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, ஒரிஜினல் சிவப்பு அட்டைப்பெட்டி இருக்கிறதா என்பது. காலாட்படை என்றால் பெட்டிக்குப் பொதுவாக 8 பேர், உள் அட்டையில் நூலால் கட்டி வரும். அந்தப் பெட்டியோடு, நூலோடு, விளையாடாத சிப்பாய்கள் என்றால் அது வேறு விலை. எங்கள் மாதிரி பெட்டியில்லாமல், பெயின்ட் உதிர்ந்து, விளையாடித் தேய்ந்த அரண்மனைக் காவலர்கள் எக்கச்சக்கமாகக் கிடைப்பதால் ஒருவருக்குச் சில பவுண்டு, அதுவும் மொத்தமாகக் குவித்து ஒரே லாட்டாகத்தான் போகும் என்றார்கள். அதில் ஏலக் கமிஷன் போகும். ஈயத்துக்கு எடை அதிகம், அனுப்புகிற செலவு போகும். கோட்டையை அனுப்புவதற்கு ஆகிற கூலியில் புதுக் கோட்டையே கட்டலாம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், எங்களுடையதற்கு அவ்வளவு வயசு ஆகவில்லை, அந்தத் தொந்தரவு மட்டும் இல்லை.

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விலை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அது 1985-லேயே எரிந்துபோனது. மும்பை சோர் பஜாரில் கேட்கலாம் என்றார்கள், கேட்கவில்லை. இந்தக் கணக்கெல்லாம் சொன்னதும் அண்ணனுக்கும் ஆர்வம் இறங்கிவிட்டது. ஆனால் ஒன்று, யாரிடமாவது பெட்டியோடு இருந்தால், அல்லது இந்தியப் படைப்பிரிவுச் சிப்பாய்கள் இருந்தால், என் பேச்சைக் கேட்டு விட்டுவிடாதீர்கள், கட்டாயம் விலை விசாரியுங்கள்.

மியூசியத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டெல்லியில் சங்கரின் சர்வதேசப் பொம்மை மியூசியம் 1965-லிருந்து இருக்கிறது, சிங்கப்பூரில் பழைய விளையாட்டுச் சாமான்களுக்கென்றே மின்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் பாதி அரித்த, உலகத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கிற சிப்பாய்களை எந்த மியூசியமும் ஆவலாக வாங்கிக்கொள்ளாது. வாங்கினாலும் கிடங்கில்தான் இருக்கும். நம் வீட்டுப் பரணிலிருந்து அவர்கள் பரணுக்கு மாற்றுவதற்கு ஏன் இத்தனை கடிதப் போக்குவரத்து?

மிச்சம் இருந்தது பார்வைக்கு வைப்பது. அக்கா வீட்டு ஹால் ஷோகேஸ் பிளைவுட்டும் லேமினேட்டும் போட்டது, கதவு இறுக்கமாக மூடும். மேலே சொன்ன காரணத்தால் ஈயச் சிப்பாய்க்கு அது இன்னொரு கோட்டைப்பெட்டிதான். அவளிடம் அதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது, பிறகு அவளே ஒரு வழி சொன்னாள், எனக்குத் தோன்றவே தோன்றாத வழி. கொலு. வருஷம் முழுக்கத் தனியாகப் பத்திரமாக வைத்துவிட்டு, நவராத்திரிக்கு மட்டும் வெளியே எடுப்பது. கொலுவில் ஏற்கெனவே போலீஸ் பேண்டு செட் இருக்கிறது, கிரிக்கெட் செட் இருக்கிறது, செட்டியார் கடை இருக்கிறது, கீழே பார்க் கட்டுகிறோம். பார்க்குக்குப் பக்கத்தில் கோட்டை. ஒன்பது நாள் திறந்த காற்றில் நிற்பதால் ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகள் கை எட்டாத மேல் படியில் சிப்பாய்கள், கீழே கோட்டை காலியாக நிற்கட்டும், அதையும் யாரும் தொடாமல் கயிறு கட்டிவிடலாம் என்றாள். காலிக் கோட்டை பார்க்க எப்படி இருக்கும் என்று அண்ணன் முணுமுணுத்தார். 9 பிளாஸ்டிக் பேர் இருக்கிறார்களே, அவர்களை நிறுத்தலாம் என்று அவளே பதிலும் சொன்னாள். அவர்களை மெதுவாகத் தொட வேண்டும், பழைய பிளாஸ்டிக் காய்ந்த சுள்ளி மாதிரி ஆகிவிட்டது, எடுக்கும்போதே ஒருவனுக்குத் துப்பாக்கி முறிந்தது.

ஆக, எங்கள் ஏற்பாடு இப்போது இப்படி. நல்ல நிலையில் இருக்கிற 17 ஈயக்காரர்களும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், அமிலம் இல்லாத டிஷ்யூ தாளில் சுற்றி, என் இரும்பு பீரோவில். மர பீரோ கூடாது. டப்பா மூடியில் இரண்டு துளை, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து வெள்ளை பூக்கிறதா என்று பார்ப்பது. அரித்த 6 பேரைத் தனி டப்பாவில் வைத்தேன், அந்தப் பொடியே விஷம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, ஊதாமல், ஈரத்துணியால் மட்டும் துடைத்து. எடுத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இது நல்ல நிலையில் இருப்பவர்களைத் தொட்டாலும்தான். கோட்டை அக்கா வீட்டுக்குப் போகிறது.

17 என்று சொன்னேன், சரியாகச் சொன்னால் 16. பேண்டு வாத்தியக்காரர்களில் டிரம் அடிப்பவனின் தலை 1969 வாக்கில் உடைந்தது. அண்ணன்தான் கீழே போட்டார். உடம்பு உள்ளே பொள்ளல் என்பதால் கழுத்து ஓட்டையில் பாதித் தீக்குச்சியைச் செருகி அதன் மேல் தலையை வைத்து நிறுத்தினார், அப்பாவுக்குத் தெரியாமல். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகளும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள் என்று ஏலக் கம்பெனிக் குறிப்புகளைப் பார்த்தபோது தெரிந்தது, தீக்குச்சி வைத்த தலைகளை அவர்கள் தனியாகக் குறித்தே விற்கிறார்கள், விலை குறைவாக. விற்கலாம் விற்கலாம் என்று நின்ற அண்ணன் அவனை மட்டும் கேட்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போனில் கேட்டால், "அதுக்கு ஒண்ணும் விலை வராதுன்னு நீதானே சொன்னே" என்கிறார்.

பேரன் விஷயம் பாக்கி. கோயம்புத்தூரில் எங்கள் தெரு முனையில் இருக்கிற ஆசாரியிடம் பழைய கோட்டையின் அளவைக் கொடுத்திருக்கிறேன். அதே நான்கு கோபுரம், அதே கவிழ்க்கிற பெட்டி, பிளைவுட், ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் போட்டிருக்கிற தண்ணீர்ப் பெயின்ட். கூலியோடு 4,500 ரூபாய் சொன்னார், பேரம் பேசவில்லை. சிப்பாய்கள் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக்தான். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால் பாக்கெட்டில் அதைப் பார்த்து வாங்கினேன். முகம் எல்லாம் ஒரே அச்சு, கன்னத்தில் சிவப்புப் பொட்டு கிடையாது. அவனுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, டைனோசர்தான் எதிரிப்படை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான்.

நேற்று ஆசாரி போன் செய்தார், தூக்குப்பாலத்துக்குச் சங்கிலி வைப்பதா கயிறு வைப்பதா என்று. பேரன் சங்கிலி என்கிறான். பழையதில் கயிறுதான்.